வாசலில் நீலச் சிலிப்பர்

ரந்தாவ் பட்டணத்தைத் தாண்டி எஸ்டேட் சாலையில் காரைத் திருப்பியபோது மாலை நான்கு மணி. செம்பனை மரங்களுக்கு அடியில் அப்போதே இருட்டியிருந்தது. ஷங்கருக்குப் பதினாறாம் நாள் காரியம். அவன் வீட்டாருக்கு நான் சிரம்பானில் அவனோடு தங்கியிருந்த கூட்டாளி, அவ்வளவுதான். ஆறு வருடங்கள் ஒரே கட்டிலில் தூங்கி எழுந்தவர்கள் என்று யாருக்கும் தெரியாது.

யாழ்ப்பாண வழிவந்த என் வீட்டிலும் தெரியாது. என் அம்மா வருகிறாள் என்றால் போதும், ஷங்கர் தன் நீலச் சிலிப்பரைக்கூட வாசலில் விட்டுவைக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். நான் போனில் கூப்பிட்டால்தான் திரும்புவான். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை, பாவி. கடைசியாகப் போன அன்று கொட்டும் மழை. அம்மா தங்கிவிட்டாள். நான் கூப்பிடவில்லை. ரெம்பாவ் சாலையில் லாரி மோதியபோது அவன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று போலீஸ் கேட்டது. போக இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான் என்று நான் சொல்லவில்லை. சிலிப்பர் கிடைக்கவே இல்லை.

நண்டுப் பிரட்டல், கருப்பு பீர் எல்லாம் வைத்துப் படையல் போட்டார்கள். செத்தவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். பிறகு ஒவ்வொருவராகத் தட்டி, முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த வீட்டு வழக்கம் அது.

"மவனே, ஷங்கரு!" என்றார் அவன் தாய் மயிலம்மாள்.

"அண்ணே!" என்றாள் தங்கை புனிதா.

உள்ளே தம்ளர் நகர்ந்தது.

எல்லோருக்கும் கேட்டது.

"நீயும் கூப்பிடு, பிரேம் தம்பி," மயிலம்மாள் கிசுகிசுத்தார். "ஒம்மேல உசுரையே வச்சிருந்தான்லா."

நான் என்ன முறை சொல்வது? தொண்டைவரை வந்ததை விழுங்கினேன்.

"கூட்டாளி," என்றேன்.

சத்தம் நின்றது.

திறந்து பார்த்தால், இலையில் சோறு போட்டது போட்டபடி. அங்கிருந்து பின்வாசல்வரை ஈரக் காலடிகள். அன்று ஒரு பொட்டு மழை இல்லை.

அதன் பிறகு தினமும் காலையில் என் ஃபிளாட் படிக்கட்டுப் பக்கம் அந்தச் சிலிப்பர் கிடக்கும். சொட்டச் சொட்ட நனைந்து, என் கதவைப் பார்த்தபடி. "வா ஷங்கர்" என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! ஆளில்லாத நேரத்தில் நான் கூப்பிடுவது அவனுக்குப் புதிதில்லையே. நெருங்கிப் போனால் ஈரம் மட்டும் இருக்கும்.

நேற்று அம்மா வந்தாள். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

கதவு தட்டப்பட்டது.

அம்மா இருக்கும்போது அவன் வந்ததே இல்லை.

"ஆரோ தட்டுகினம். ஆரெண்டு பார், தம்பி," என்றாள் அம்மா.

திறந்தேன். நிலைப்படியை ஒட்டி நீலச் சிலிப்பர்.

"ஆர்?"

ஒருவரும் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம். அப்படித்தானே அவனைச் சாகக் கொடுத்தேன்!

"ஷங்கர், அம்மா. என்னோட கூடி வாழ்ந்தவன்." அழுகை வெடித்தது. "இது அவன்ட வீடு."

அம்மா எழுந்து வந்தாள். வெளியே எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. பிறகு தரையைப் பார்த்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஈரக் காலடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தன.

படுக்கையறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.