பதினான்காம் எண் பனியன்

"ஏய்... அந்தப் பனியனைக் கழட்டு!"

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஹேட்டி போட்ட சத்தத்தில், பயிற்சிக் கூடத்தில் தனியாகக் கூடைப்பந்து தட்டிக்கொண்டிருந்த நெட்டைப் பையன் திடுக்கிட்டு நின்றான். பந்து மட்டும் நிற்கவில்லை. உருண்டு வந்து அவளுடைய ஊன்றுகோலில் முட்டிக்கொண்டது.

வெளியே வானம் காலையிலிருந்தே ஒழுகிக்கொண்டிருந்தது. மழையுமில்லை, பனியுமில்லை; இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் ஈரச் சனியன். அயோவாவின் மார்ச் மாதத்துக்கு அழத் தெரியுமே தவிர, அழுது முடிக்கத் தெரியாது.

கதவுக் கண்ணாடி வழியே அவள் கொஞ்ச நேரமாகவே அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெள்ளைப் பனியன், நெஞ்சில் கறுப்பு டேப்பால் ஒட்டிய பதினான்கு. அவளுடைய எண். உள்ளங்கைகளை ஷூவின் அடியில் துடைத்துக்கொண்டான். அவளுடைய பழக்கம். எறிவதற்கு முன் இடது முழங்கையை ஒரு தரம் தொட்டான். அதுவும் அவளுடையது. பிறகு தோளைச் சாய்த்து இடப்பக்கமாகப் பாய்ந்தான்... அவளேதான்! இனிமேல் அவளால் ஆகவே முடியாத அவள்.

"கால் போனவளை நடிச்சுக் காட்டுறியா? யாரைச் சிரிக்க வைக்க?"

"ஐயோ, கிண்டல் இல்லீங்க... சத்தியமா. நான் வெண்டல். நியூ ஹார்பர் காலேஜ். எங்க பொண்ணுங்க டீமுக்குப் பயிற்சிப் பையன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாக் கல்லூரியிலும் உண்டு. பெண்கள் அணி மோதிப் பழகுவதற்கென்று நாலைந்து பையன்கள். அடுத்த ஆட்டத்தில் எதிரே வரப்போகிற நட்சத்திர வீராங்கனை எப்படி ஆடுவாளோ, அப்படியே அச்சாக ஆடிக் காட்டவேண்டும். நியூ ஹார்பர்... அவள் கடைசியாக ஆடிய ஆட்டம் அவர்களோடுதான். முழங்கால் போனதும் அன்றைக்குத்தான்.

"ஓ... என் வேஷம் கட்டினது நீதானா?"

"ரெண்டு வாரம். உங்க வீடியோ பாத்துப் பாத்து... சாப்பிடும்போதுகூட முழங்கையைத் தொடுறேன்னு எங்கம்மா திட்டுறாங்க."

"சரி, அந்த ஆட்டந்தான் முடிஞ்சிருச்சே. இன்னும் எதுக்கு நான்?"

அவன் தலையைச் சொறிந்தான். மழைத் தண்ணீர் நிறத்தில் கண்கள். திருட்டு முழி வேறு.

"நாளைக்கு வேற டீம். அவங்க நடு ஆட்டக்காரி மாதிரி ஆடணும். காலையில ஆடினேன்... கோச் விசிலை ஊதி, 'வெண்டல், ஹேட்டி வோஸ் இனிமே வரமாட்டா, விட்டுத் தொலைடா'ன்னு கத்தினாங்க. அதான் தனியா வந்து உங்களை மறக்கப் பாக்குறேங்க."

"மறந்தாச்சா?"

"நீங்கதான் பாத்தீங்களே..."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போன நாள் முதல் வராத சிரிப்பு. அதை அவனிடம் காட்டிவிட்டோமே என்று எரிச்சலும் வந்தது.

"ரெண்டு வாரம் நானாவே இருந்துட்டு, என்ன நீங்க வாங்க? நீன்னே சொல்லு."

"சரி... நீ. இன்னும் கொஞ்ச நேரத்துல பெரிய அரங்கத்துல உனக்கு அவார்டு. இங்க என்ன பண்றே?"

"அது அவார்டு இல்ல. ஆறுதல் பரிசு."

பத்துக் கல்லூரிகள் சேர்ந்த கான்ஃபரன்ஸ்; அதன் போட்டித் தொடர்தான் இங்கே நடந்துகொண்டிருந்தது. ஆண்டின் சிறந்த வீராங்கனை யாரென்று பயிற்சியாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். தன் அணிப் பெண்ணுக்குத் தானே போடக்கூடாது என்பது விதி. ஆக, விழுந்ததெல்லாம் எதிரணிக்காரர்களின் ஓட்டு. சற்றுமுன் பாப்கார்ன் வரிசையில் நின்ற யாரோ ஓர் அம்மாள், பின்னால் இவள் நிற்பது தெரியாமல் சொன்னாள்: "பாவம், காலொடிஞ்ச பொண்ணுன்னு இரக்கப்பட்டுக் கொடுத்திருக்காங்க..."

அதிலிருந்து உள்ளே ஒரு முள். மறுபடி ஆட முடியாது என்று டாக்டர் சொன்னபோதுகூட இப்படிக் குத்தவில்லை. இத்தனை வருஷம் ஓடிய ஓட்டத்துக்குக் கிடைத்தது இரக்கமா?

"நான் நின்னு ஆடுறப்போ ஒருத்தரும் என்னைப் பாத்துச் சிரிச்சதில்ல. விழுந்ததும் பூங்கொத்து அனுப்புறாங்க. எனக்கு வேண்டாம். நான் போகப்போறதில்ல."

வெண்டல் பந்தை எடுத்தான். அதைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஆம்பிளைங்க டீம்ல என்னை முதல் நாளே வெளிய அனுப்பிட்டாங்க. நான் நானா ஆடினா ஒருத்தனும் எனக்குப் பாஸ் தரமாட்டான். அவ்வளவு மட்டம். ஆனா நீயா ஆடினப்போ... எங்க அஞ்சு பொண்ணுங்களாலயும் என்னைத் தடுக்க முடியல. கெட்ட வார்த்தையில திட்டினாளுங்க. என்னை இல்ல, உன்னை! இரக்கப்பட்டுத் திட்டுவாங்களா ஹேட்டி?"

அவளுக்குள் முள் கொஞ்சம் இளகினாற்போல் இருந்தது. ஆனாலும் ஆட்டக்காரியின் மூளை சும்மா இருக்குமா?

"அப்புறம் எப்படித் தடுத்தாங்க? அன்னிக்கு நான் வளையத்துக்கிட்டயே போக முடியலையே."

அவன் முகம் இருண்டது.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"என்ன சொன்னே?"

"நீ எப்பவும் இடது பக்கம்தான் போறே. இடது காலை மெத்துனு வைக்கிறே. நானும் அப்படியே வெச்சேன்... அது உன் ஸ்டைலுன்னு நினைச்சேன். 'வலது பக்கம் தள்ளுங்க, அவளுக்கு அந்தப் பக்கம் பழக்கமில்ல'ன்னு கோச்கிட்ட சொன்னேன். தள்ளினாங்க. நீ இடது காலை ஊன்றித் திரும்பினே..." குரல் உடைந்தது. "விழுந்தப்போதான் தெரிஞ்சுது. ரெண்டு வாரமா நான் நடிச்சது உன் ஸ்டைல் இல்ல, உன் வலி."

கூரையில் ஆலங்கட்டி சடசடத்தது.

"இந்த வருஷம் என்னை உண்மையா கவனிச்சுப் பாத்தது நீ ஒருத்தன்தான்," என்றாள் ஹேட்டி மெல்ல. "பாத்து... அதையும் வித்துட்டே."

ஊன்றுகோல்கள் தரையை அறைய வெளியே போனாள்.

அரங்கத்துக்குப் போகும் நடைவழியில் அவளுடைய பயிற்சியாளர் மாலோய் அம்மாள் பிடித்துக்கொண்டாள். "எங்கடி போனே? பேரைக் கூப்பிட்டாச்சு. மூஞ்சி என்ன இப்படி இருக்கு, வலிக்குதா?"

'வலிக்குதா?' சாதாரணக் கேள்வி. அவளுக்குச் சுரீரென்றது. ஜனவரியில் இதே கேள்வியை இதே அம்மாள் கேட்டாள். 'இல்லை கோச்' என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னது யார்? அறையைப் பூட்டிக்கொண்டு முழங்காலில் ஐஸ் வைத்துக் கட்டியது யார்? அவன் வழி காட்டினான், சரி. வலியை ஒளித்து வைத்தது...?

"வலிக்குது கோச். ரொம்ப நாளா. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

மாலோய் அவளை உற்றுப் பார்த்தாள். திட்டவில்லை. தோளை மட்டும் அழுத்தினாள். "தெரியாமப் போச்சே எனக்கு... போடி, போய் வாங்கிக்கோ."

ஹேட்டி ஆடுகளத்தின் நடுவே போய் நின்றாள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கான்ஃபரன்ஸ் அதிகாரி கனமான கண்ணாடிக் கோப்பையை நீட்டினார். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, அவளுடைய இரண்டு கைகளிலும் ஊன்றுகோல். வாங்குவது எப்படி? அவர் நீட்டிய கையோடு விழித்தார். கைதட்டல் தேய்ந்தது. "த்சொ... த்சொ..." என்று கூட்டத்தில் அந்த இரக்கம் மறுபடி கிளம்பியது.

நடைவாசலில் அவன் நின்றிருந்தான். இன்னும் அதே பனியன்.

"வெண்டல்! என்ன வேடிக்கை? வா!"

எதிரணிப் பையன், நெஞ்சில் அவளுடைய எண்ணோடு, ஆயிரம் பேர் பார்க்க ஓடி வந்தான். வலப்பக்கம் வந்து நின்றான்.

"அந்தப் பக்கம் இல்ல, மடையா. இடது பக்கம். எனக்கு எந்தப் பக்கம் பழக்கம்னு உனக்குத் தெரியாதா?"

அவன் கோப்பையை வாங்கிக்கொண்டான். மறுபடி எழுந்த கைதட்டலில் இரக்கம் இருந்ததா, இல்லையா... ஹேட்டி கவனிக்கவில்லை. இருவரும் மெதுவாகத் திரும்பி நடந்தார்கள்.

"நீ எதையும் விக்கல," என்றாள் முன்னால் பார்த்தபடியே. "நான்தான் வலியை ஒளிச்சு வெச்சிருந்தேன். நீ தெரியாம மிதிச்சுட்டே. அவ்வளவுதான்."

"ஹேட்டி... எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு."

"எப்போ இருந்து? நீ நானா இருந்தப்பவா?"

"அப்பத் தெரியல. நீ விழுந்தே... எனக்கு வலிச்சுது. அப்பத்தான்."

நடையின் கடைசியில் திறந்த கதவு. அதற்கு வெளியே அதே ஈரம், அதே சாம்பல் வானம். இனிமேல் அவள் ஓடப்போவதில்லை. அது அப்படியேதான் இருந்தது. எந்தக் கோப்பையும் அதை மாற்றாது. கண்ணில் முட்டிய நீரைத் துடைக்கவும் கை இல்லை. அவனே தன் பனியன் நுனியால் ஒற்றியெடுத்தான்.

"எனக்கும்தான்..." என்றாள் தலை குனிந்து. "கோப்பையைக் கீழ போட்டுடாதே."

"எதுவரைக்கும் பிடிச்சுக்கணும்?"

"நான் கை வீசி நடக்குற வரைக்கும். மெதுவாத்தான் நடப்பேன்..."

அவனும் மெதுவாகவே நடந்தான். அவனையறியாமல் அவனுடைய இடது கால் மெத்தென்று விழுந்துகொண்டிருந்தது. ஹேட்டி அதைப் பார்த்தாள். பனியனைக் கழட்டச் சொல்லவில்லை.