காலி உடம்பு

“உடம்பு காலியா, ஜெசிந்தா?”

“காலி, டாக்டர்.”

ஏவுதளத்தை ஒட்டிய அந்த மருத்துவமனையில் தினமும் வேலை இப்படித்தான் தொடங்கும். கேட்பவர் டாக்டர் முகைதீன். பதில் சொல்பவள் வலியேற்பி ஜெசிந்தா. பதில் காதில் விழுந்ததும் டாக்டர் மிச்ச டீயைக் குடித்து முடிப்பார், ஜெசிந்தா இடுப்புப் பட்டையை எடுத்து மாட்டிக்கொள்வாள். மாதா கோயிலைக் கடக்கும்போது கை தானாகச் சிலுவை போடுமே, அந்த மாதிரி ஆகிப்போன பதில் அது. கேட்டவரும் யோசிப்பதில்லை, சொன்னவளும் யோசிப்பதில்லை.

வலியேற்பி என்றொரு உத்தியோகம் வந்ததற்குக் காரணம் முதுகுதான். சுற்றுப்பாதைத் தளத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கே எடை கிடையாது. முதுகெலும்பு நீண்டுகொள்ளும், எலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் ஊறி உப்பும். திரும்பி வந்து தரையில் கால் வைத்ததும் மொத்தப் பாரமும் அவற்றின்மேல் இறங்கும். பூரணம் அதிகமான கொழுக்கட்டை மாதிரி எங்காவது ஓரிடத்தில் நார் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி நரம்பை மிதிக்கும். மிதிபட்ட நரம்பு காலின் நுனிவரை கத்தும்.

பார்த்துவிட்டு அறுத்தால் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஸ்கேன் எடுத்தால் மேலே போய் வந்த பத்துப் பேரில் பாதிப் பேருக்குப் பிதுக்கம் தெரிந்தது. அதில் பலருக்கு ஒரு வலியும் இல்லை. துடிதுடித்தவன் ஸ்கேனோ பளிங்கு மாதிரி இருந்தது. சரி, ஆளையே கேட்போம் என்றால், மறுபடி மேலே போக ஆசைப்பட்டவன் வலியை மறைத்தான், போகப் பிடிக்காதவன் இல்லாத வலிக்கு முனகினான். வேண்டாத முதுகுகளில் கத்தி விழுந்து, ஊர் சிரித்து, கடைசியில் சட்டம் வந்தது. படமும் செல்லாது, வாயும் செல்லாது. இன்னொரு மனித உடம்பு அந்த வலியை வாங்கிப் பார்த்துச் சொன்னால்தான் செல்லும்.

அதற்குத்தான் வலிப்பாலம். நோயாளி இடுப்பில் ஒரு பட்டை, ஏற்பி இடுப்பில் ஒரு பட்டை. இயக்கினால் அவன் நரம்பில் ஓடுவது இவள் நரம்புக்கு மாறிவிடும். அந்த நேரத்துக்கு அவனுக்கு நிம்மதி, இவளுக்கு நரகம். ஏற்பியின் சொந்த வலி கலந்தால் கணக்கு கெடும் என்பதால்தான் தினமும் ‘காலியா’ என்ற அந்தக் கேள்வி. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்து கணக்கு பிசகும் என்று ஏற்பியின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிவிடுவார்கள். பட்டையைக் கழற்றிய பிறகும் வலி கொஞ்ச நேரம் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். வால்வலி என்று அதற்குப் பெயர். ஏற்பிகள் அதைச் சட்டை செய்வதில்லை.

ஜெசிந்தா சொன்ன இடம் தப்பியதாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, அதை மறைக்கிற வழக்கமும் இல்லை.

அன்றைக்கு வந்தவன் ராஜகனி, சுற்றுப்பாதைத் தளத்தில் வெல்டர். ஆறடிக்குமேல் வளர்த்தி, வாய் அதைவிட நீளம். ஸ்கேனில் இடதுபுறம் ஒரு வட்டு நன்றாகப் பிதுங்கியிருந்தது. இன்று அவனுக்குக் கத்தியா இல்லையா என்று முடிவாக வேண்டும். கத்தி பட்ட முதுகு மறுபடி மேலே போகக் கூடாது என்பது விதி. பூமியைக் காலுக்குக் கீழே போட்டுக்கொண்டு பற்றவைத்துப் பழகியவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை.

“யக்கா, எனக்கு வலியே கிடையாதுக்கா. இந்தக் கட்டிலத் தூக்கச் சொல்லுங்க, தூக்குதேன்.”

“மேல போணும்னு நிக்கிற எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ. பேசாம படுப்பா,” என்றாள் ஜெசிந்தா. நாற்காலியில் உட்கார்ந்து, துணியைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். டாக்டர் பாலத்தை இயக்கினார்.

“வந்துட்டு டாக்டர். வலது பக்கம். குண்டியில ஆரம்பிச்சு பின்தொடை வழியா இறங்குது. கெண்டைக்கால் கடுக்குது. பாதத்தோட வெளி ஓரம், சுண்டுவிரல் வரைக்கும் சுரீர்னு இழுக்குது. விரல் பாதி மரத்துக் கெடக்கு.”

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். “பிதுக்கம் இடப்பக்கம்லா இருக்கு?”

“படத்த எப்ப டாக்டர் நாம நம்பியிருக்கோம்?”

அதுவும் நியாயம்தான். டாக்டர் பேனாவை எடுத்தார்.

“எங்கிட்ட இல்லாதத எங்க இருந்துக்கா எடுத்திய?” என்றான் ராஜகனி. அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. விதிப்படி ஏற்பி நோயாளியோடு வாதாடக் கூடாது.

அவன் சத்தமில்லாமல் தன் பட்டையின் கொக்கியை விடுவித்தான். டாக்டரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக்காட்டி, எழுந்து, பூனை மாதிரி நடந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். பட்டை கட்டிலில் அநாதையாகக் கிடந்தது.

“இப்ப இன்னும் கூடுது டாக்டர்,” என்றாள் கண் கட்டியிருந்த ஜெசிந்தா. “உக்கார உக்கார ஏறுது. பய எப்படித்தான் தாங்குதானோ. வாயில வீறாப்பு பேசிட்டு உள்ளுக்குள்ள அழுதுட்டுக் கெடக்கான், பாவம்.”

டாக்டர் முகைதீன் கட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அவளுடைய சென்ற வாரத்து அறிக்கைகள் அவர் நினைவுக்கு வந்தன. மூன்று பேருக்கும் வலதுகால், மூன்று பேருக்கும் சுண்டுவிரல். ஒரே அச்சு. கையெழுத்துப் போட்டவர் அவர்தான். கத்தி அறையில் கூட்டம் அதிகம் என்பதால் மூவரும் இன்னும் காத்திருப்பில் இருந்தார்கள். அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

“ஜெசிந்தா, துணிய அவுரு.”

அவிழ்த்தாள். காலிக் கட்டிலைப் பார்த்தாள். ஜன்னலோரம் நின்ற நெட்டையனைப் பார்த்தாள்.

“வால்வலியா இருக்கும்,” என்றாள் அவசரமாக.

“வால்வலி தேஞ்சுதான் போகும், ஏறாது. வால் இருக்கணும்னா முதல்ல மாடு இருக்கணும்லா,” என்றார் டாக்டர் மெல்ல.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலிட்டு எழ முடியாமல் பெஞ்சைப் பிடித்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சனிக்கிழமை ஆளின் வால் என்று நினைத்துக்கொண்டாள். தும்மும்போது மின்னல் வெட்டியதை அதற்கு முந்திய ஆளின் வால் என்றாள். வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே ‘ஐயோ என் கால்’ என்று கத்தியிருப்பார்கள். ஊரார் வலியை வாங்கி வாங்கித் திருப்பிக்கொடுத்தவளுக்குத்தான் சொந்த வலியும் இரவல் மாதிரியே தோன்றியிருக்கிறது.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனால் ஜெசிந்தா வெட்கத்தில் உட்கார்ந்துவிடுகிற பெண் அல்ல.

“பட்டையத் திரும்ப மாட்டு தம்பி. டாக்டர், இடப்பக்கம் மட்டும் பாக்கேன். அங்க என்னோடது ஒண்ணும் கெடையாது.”

துணியைக் கட்டிக்கொண்டாள். பாலம் ஓடியது. இடுப்பிலிருந்து இடது பெருவிரல்வரை மெதுவாக, ஒவ்வொரு சாணாகத் தேடினாள். பிறகு டாக்டர் பாலத்தை நிறுத்தியும் ஓட்டியும் அவளுடைய வலது பக்கத்தைச் சோதித்தார். அந்த வலியில் இம்மிகூட மாற்றமில்லை.

“ஒண்ணும் இல்ல. இவன் காலி. சொன்னது நெசம்தான் டாக்டர். மேல அனுப்புங்க. அந்த மூணு பேரையும் பக்கத்து ஊர் ஏற்பியை வச்சு மறுபடி பாக்கச் சொல்லுங்க. தப்பு எம்பேர்லயே எழுதுங்க.”

“பாதி எம்பேர்ல,” என்றார் டாக்டர். “அது கெடக்கட்டும். உன்ன யாரு பாக்க? நான் வாங்கலாம்னா எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு, கழுத்தும் போச்சு.”

அறையில் இருந்த ஒரே காலி உடம்பு மறுபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தது. “நான் வாங்குதேன்,” என்றான் ராஜகனி. “சட்டத்துக்கு ஒரு மனுச உடம்புதான வேணும்?”

அவளைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள்; ராஜகனி நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டான். அத்தனை பேர் படுத்த கட்டிலில் அவள் படுப்பது அதுவே முதல்முறை. டாக்டர் இயக்கினார்.

ராஜகனியின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தான். கண்ணில் கட்டியிருந்த துணி நனைந்தது.

“யம்மா... குண்டியில இருந்து யாரோ கம்பிய விட்டு இழுக்கான். கெண்டைக்கால நாய் கவ்வின மாதிரி... யக்கா, இத வச்சுக்கிட்டா எல்லார் வலியையும் வாங்குனிய?”

ஜெசிந்தா தன் வலியை இன்னொருவர் வாயால் கேட்டாள். ஒரு சொல்கூட மிகையில்லை, எல்லாம் அப்படியே இருந்தது. இத்தனை பேர் அவளிடம் வந்து, பட்டையைக் கழற்றிய பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது எதற்காக என்று அவளுக்கு இப்போது புரிந்தது. நிம்மதிக்காக அல்ல, நம்பப்பட்டதற்காக. அவளும் அழுதாள்.

டாக்டர் அவள் வலதுகாலை நீட்டியபடியே உயர்த்தினார். பாதி உயரம் வருமுன் நாற்காலியில் இருந்தவன் அலறினான். குதிகாலைத் தூக்கி நிற்கச் சொன்னார், வலது பாதம் தள்ளாடியது. சிறுநீர் சரியாகப் போகிறதா, தொடை இடுக்கில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் சரி.

“கடைசி வட்டு. கத்தி வேண்டாம்,” என்றார். “பெரும்பாலும் தானா வத்திரும். நடக்கணும், குனியக் கூடாது, நான் சொல்லுத பயிற்சியச் செய்யணும். சில மாசம் ஆகும். அதுவரைக்கும் நீ யாரோடதும் வாங்கக் கூடாது.”

“சரி டாக்டர். வத்துனதும் வாரேன்,” என்றாள். அவள் குரலில் பழைய மிடுக்கு வந்திருந்தது.

“பாலத்த நிறுத்துதேன்,” என்று டாக்டர் கை நீட்டினார். வேர்வையில் குளித்திருந்த ராஜகனி தலையாட்டித் தடுத்தான்.

“இன்னும் கொஞ்ச நேரம் எங்கிட்ட இருக்கட்டும். யக்கா, நீங்க எந்திரிச்சு ஒரு நடை நடந்துட்டு வாங்க.”

அவள் பட்டையோடே நடந்தாள். வராந்தாவின் கடைசிவரை போய், கடலைப் பார்த்துவிட்டு, இடுப்பைத் தாராளமாக அசைத்துத் திரும்பி வந்தாள். கால் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் நடப்பது எவ்வளவு சுகம் என்பதை மறந்தே போயிருந்தாள். இன்னொரு நடை போகலாம் போலத்தான் இருந்தது. நாற்காலியில் அந்த நெட்டை உடம்பு சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து, பட்டையின் கொக்கியில் கை வைத்தாள்.

“போதும் தம்பி, குடு,” என்றாள். “அது என்னோடது.”