கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார்கள்

சிகிச்சை அறையின் ஒலிபெருக்கியில் மெஷின்காரர் பேசுவதற்கு முன்னால் யாரோ ஒரு குட்டி மூச்சு இழுத்தார்கள். மைக்கம்மா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மைக்கு என்றால் மூச்சும் கேட்கத்தான் செய்யும். ரயில் வருகையை அறிவித்தே தலை நரைத்தவளுக்கு இது தெரியாதா? ஆனால் அது ஒரு பெண்ணின் மூச்சு.

யாரென்று கேட்க வாய் இல்லை. நாக்கில் வந்த புற்றுக்காக, மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய்களைத் தாடைக்கு அடியிலிருந்து நாக்கு வழியாகக் கோத்திருந்தார்கள். நாக்கு வீங்கி வாயை அடைத்துக் கிடந்தது. சாப்பாடு மூக்குக் குழாயில், பேச்சு சிலேட்டில். ஒவ்வொரு தடவையும் குழாய்களை இயந்திரத்தோடு மாட்டிவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். கம்பி நுனியில் கதிர்வீச்சுத் துணுக்கு ஒன்று உள்ளே வந்து, ஒவ்வொரு குழாயாகப் போய்த் திரும்பும். வலி கிடையாது. தனிமைதான்.

“கேமராவுல பார்த்துட்டேதான் இருப்போம்மா. ஏதாவதுன்னா கையத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவோம்,” என்றார் மெஷின்காரர் ஒலிபெருக்கியில்.

இன்று கடைசித் தடவை. இதற்கும் புற்று மசியவில்லையென்றால் நாக்கையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். ‘எடுக்கறதுக்கு இது என்ன வீட்டுச் சாமானா?’ என்று சிலேட்டில் எழுதி அவரையே சிரிக்க வைத்தவள் அவள். ஆனால் பாதியில் நிறுத்தி வெளியே போனால், மறுபடி இந்த அறைக்குள் கால் வைக்கத் தனக்குத் தைரியம் வராது என்பதும் அவளுக்குத் தெரியும்.

கனத்த கதவு அவசரமே இல்லாமல் மூடிக்கொள்ள, ஏசியின் இரைச்சலும் மருந்து நெடியும், மோவாயில் வழிந்து காதுப்பக்கம் இறங்கும் எச்சிலின் பிசுபிசுப்பும், ஜன்னலே இல்லாத அந்தச் சுவர்களின் மங்கிய வெளிச்சமும் மட்டும் அவளோடு தங்கின. இயந்திரம் ‘டக்’ என்றது. முதல் குழாய்.

மறுபடி அந்த மூச்சு.

“பயமா இருக்குல்ல?”

அவளுடைய குரல். நடைமேடை எண்ணைச் சொல்வதற்கு முன்னால் அவள் வழக்கமாக இழுக்கும் மூச்சு அது. எத்தனை வருஷம், எத்தனை நடைமேடைகளில் எதிரொலித்துத் திரும்பி வந்த குரல்! தப்பாகுமா?

“கையத் தூக்கு. வீட்டுக்குப் போயிடலாம்.”

டக்.

இப்போது குரல் ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை. தலையணைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. சூடான மூச்சு கன்னத்தில் பட்டது. வலது கை விரல்கள் ஒவ்வொன்றாகப் படுக்கையை விட்டு எழும்பின. அவள் எழுப்பவில்லை.

பயத்தைவிடக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ‘என் குரலத் திருடிட்டு எனக்கே அறிவிப்பா?’ இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இடுப்புக்கு அடியில் திணித்தாள். அதன்மேலேயே படுத்தாள்.

டக்.

“சுடுது. நிறுத்தச் சொல்லு.”

சுடட்டும்.

“நான் இல்லாம நீ பேச மாட்ட.”

பார்க்கலாம்.

டக்.

அலறல். அவள் குரலில். அவள் வாய் அசையவில்லை. கண்ணை மூடவில்லை. கையை விடவில்லை.

பிறகு ஒன்றும் இல்லை. ஏசி மட்டும்.

கதவு திறந்தது. “முடிஞ்சுதும்மா! ஆடாம அசையாம இருந்தீங்க, கில்லாடிதான்,” என்றார் மெஷின்காரர். குழாய்களை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு அவளைச் சக்கர நாற்காலியில் வெளியே தள்ளி வந்தார். வெளியே காத்திருந்த மகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னிக்கே இந்தக் குழாயெல்லாம் எடுத்துடுவாங்களாம்மா!”

அவள் மகளைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த கேமராத் திரையைப் பார்த்தாள். காலியாக இருக்க வேண்டிய அறை. அந்தப் படுக்கையில் ஒருத்தி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அதே ஆஸ்பத்திரி அங்கி. அதே நரை. தாடையில் குழாய் எதுவும் இல்லை. கால்களைக் கீழே போட்டாள். கதவை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

கதவு இன்னும் திறந்தே கிடந்தது.

மைக்கம்மா நாற்காலியிலிருந்து எட்டி, சுவரிலிருந்த கதவு மூடும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

“அத நாங்க மூடிக்கிறோம்மா, நீங்க எதுக்கு?” என்று மெஷின்காரர் சிரித்தார்.

கதவு மெதுவாக வந்தது. இடுக்கு ஒரு சாண் ஆயிற்று. அதன் வழியே நான்கு விரல்கள் வெளியே நீண்டு கதவின் விளிம்பைப் பற்றின. அவளுடைய விரல்கள். அவளுடைய மோதிரம்.

“அம்மாடி,” என்று உள்ளிருந்து அவள் குரல் மகளைக் கூப்பிட்டது. மகள் திரும்பினாள்.

மைக்கம்மா பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.