கன்னப்பன் கத்திய திசை

"பிடி! பிடி! விட்டுறாத!" என்று வடிவு அலறியபோது, பால்பாண்டி ஒரு கையில் பிரம்புக் கொடியையும் மறு கையில் தன் உயிரையும் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது கை இல்லாத குறையால் சமையல் பை ஆற்றோடு போயிற்று. அரிசி, அடுப்பு, தீப்பெட்டி எல்லாம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு சுமத்ராக் காட்டின் செந்தண்ணீரில் மறைந்தன.

"போச்சே வடிவு! சோறு போச்சே!"

"உயிரு இருக்குல்லா? நட!"

இருவரும் பாளையங்கோட்டையில் விலங்கியல் படிப்பவர்கள். உராங்குட்டான் என்னும் வாலில்லாக் குரங்குகளின் அறிவை ஆராய வந்த பேராசிரியர் ஞானதுரைக்கு உதவியாக வந்தவர்கள். அந்தப் பேராசிரியரைத்தான் நேற்றுக் காலையிலிருந்து காணோம்! தட்டுத் தட்டாகக் கன்னம் விரிந்த கிழட்டு ஆண் உராங்குட்டான் ஒன்று கூடாரத்தருகே வந்தது. பால்பாண்டி அதற்குக் கன்னப்பன் என்று பேர் வைத்து முடிப்பதற்குள் சார் அதன் பின்னால் கிளம்பிவிட்டார்.

"தனியா போகாதீங்க சார்" என்றாள் வடிவு.

"மனுச மூளை அவனுதை விட மூணு மடங்கும்மா. அவனே வழி தப்பல, நான் தப்புவேனா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வழிகாட்டி தங்கவேலு மேடான் நகரத்துத் தமிழர். காவல் சாவடியிலிருந்து ஆள் கூட்டிவரப் போயிருந்தார். "நான் வர்ற வரைக்கும் அசையக்கூடாது" என்று சொல்லித்தான் போனார். ஆனால் சாருடைய சர்க்கரை மாத்திரை டப்பா கூடாரத்திலேயே கிடந்ததை வடிவு பார்த்துவிட்டாள். அப்புறம் எங்கே அசையாமல் இருப்பது?

ஆற்றைத் தாண்டியதும் மழை பிடித்தது. தடமெல்லாம் அழிந்தது. தேடப் போனவர்களும் தொலைந்து போனார்கள்!

பசிக்குக் காட்டத்திப் பழம்தான் கிடைத்தது. பால்பாண்டி மென்றான், மென்றான், வெயில் சாயும்வரை மென்றான்.

"தாடை கழண்டு விழப்போவுது. வயிறு மட்டும் நிறைய மாட்டேங்கு!"

"நெருப்பு இல்லேன்னா இந்தக் கதிதான். சிம்பன்சி பகல்ல பாதிய மெல்லுததுலயே கழிக்கும். நம்ம முன்னோருக அவிச்சுத் திங்கப் படிச்ச பெறகுதான் மூளை இம்புட்டு வளந்துச்சுன்னு சில பேரு சொல்லுதாங்க. நாம திங்கதுல அஞ்சுல ஒரு பங்கு மூளைக்கே போயிருது, தெரியுமா?"

"அப்ப எனக்குப் பசிக்கது வயித்துல இல்ல வடிவு. மூளையில!"

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அதற்குள் தலைக்கு மேலே காடே அதிர்ந்தது. கன்னப்பன்! உச்சிக்கிளையில் நின்று, தொண்டைப் பையை உப்பிக்கொண்டு, வடக்கே பார்த்து நெடுநேரம் உறுமினான். பிறகு கிளைகளை வளைத்து மெத்தை போட்டுப் படுத்துவிட்டான். பால்பாண்டி பயத்தில் வடிவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கியிருந்தான்.

வடிவு துள்ளினாள். "நாளைக்குப் போற திசையப் பாத்துத்தான் இவனுக முந்தின நாளே கத்துவானுக! சாருக்கும் இது தெரியும். இவனோட தாவ முடியாட்டாலும், கத்துன பக்கமா போயி முன்கூட்டியே உக்காந்திருப்பாரு!"

"தப்பாப் போச்சுன்னா?"

"இப்ப மட்டும் சரியாவா இருக்கோம்?"

விடிந்ததும் வடக்கே ஏறினார்கள். அட்டை கடித்தது, முள் கிழித்தது, பால்பாண்டி இருமுறை சறுக்கி ஒரே சேற்றில் விழுந்தான். மேட்டின் மேல், பலாவைப் போல முள்தோல் பழம் காய்க்கும் பிரமாண்டமான டுரியான் மரம் ஒன்று நின்றது. அதன் வேரிடுக்கில், கண்ணாடி உடைந்து, முகமெல்லாம் மஞ்சள் பழக்கூழ் அப்ப, பேராசிரியர் உட்கார்ந்திருந்தார்!

"சார்! சர்க்கரை!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கையும் பழமுமாகப் பிடிபட்டவர் விழித்தார். "வேற என்னம்மா செய்ய? அவன் கத்துன பக்கமா வந்து உக்காந்தேன், வழியில கண்ணாடி போச்சு. ஒரு அடிக்கு மேல ஒண்ணும் தெரியல."

வடிவுக்கு அழுகை முட்டியது. மாத்திரையை அவர் கையில் திணித்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குள் மேலிருந்து ஒரு பழம் 'தொப்'பென்று பக்கத்தில் விழுந்தது. கன்னப்பன் வந்து சேர்ந்துவிட்டான்! அடுத்த பழம் மண்டையில் விழுந்தால் மூன்று மடங்கு மூளையும் சட்னி. ஓடினார்கள்!

"சாவடி தெற்கே இருக்கணும். சூரியனை வச்சுக் கணக்குப் போட்டா..." என்று பேராசிரியர் ஆரம்பித்தார்.

பால்பாண்டி மூக்கை உயர்த்தினான். "கிழக்க சார். வெங்காயம் வதங்குது!"

வேறு யாருக்கும் அந்த வாசம் எட்டவில்லை. ஆனாலும் அவன் முகத்திலிருந்த பக்தியைப் பார்த்து இருவரும் நம்பினார்கள். ஒரு பிரம்பின் நுனியைச் சார் பிடித்துக்கொள்ள, மறுநுனியை வடிவு இழுக்க, பால்பாண்டி புதரை மிதித்து வழி உண்டாக்கினான். சரிவு இறங்கியதும் புகை தெரிந்தது. சாவடி! ஆட்களைத் திரட்டிக்கொண்டு நின்ற தங்கவேலு இவர்களைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டபடியே வாய் ஓயும்வரை திட்டினார். காவலர்கள் கைதட்டினார்கள்.

எல்லோருக்கும் சோறு வந்தது. வடிவு தனக்கு வந்த மீனைப் பாதியாகப் பிய்த்துப் பால்பாண்டியின் தட்டில் வைத்தாள்.

"இத்தனை படிச்சவரு எப்படி சார் தொலைஞ்சீங்க?" என்றார் தங்கவேலு.

ஞானதுரை அந்த மீன் துண்டைக் காட்டினார். "மூளை பெருசா இருந்தா மட்டும் போதாது தங்கவேலு. கன்னப்பன் தனியா திரியலாம், அவனுக்குக் கட்டுப்படியாகும். மனுச மூளை கூட்டத்துக்குள்ள இருந்து வளந்தது. தனியா விட்டா அரை மூளைதான்."

"நல்ல பேச்சு சார்" என்றான் பால்பாண்டி, வாய் நிறையச் சோற்றோடு. "அந்தக் குழம்ப இப்படித் தள்ளுங்க."