நீலம் போட்ட வேட்டி

கிரிஜாவின் புது உடுப்பைப் பார்த்த நாளிலிருந்து யோகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே வெள்ளை. தொப்பியும் கையுறையும்கூட வெள்ளை. "எங்கப்பா சிட்டிக்குப் போய் வாங்கிட்டு வந்தார்," என்று கிரிஜா சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் யோகாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அது 1976ஆம் ஆண்டு. மெல்பேர்ண் நகரின் ஓரத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசியவர்கள் இரண்டே பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த யோகராணி என்கிற யோகா, சென்னையிலிருந்து வந்த கிரிஜா. இருவருக்கும் பத்து வயது. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இணைபிரியாத சிநேகிதிகள், அந்த உடுப்பு வரும்வரை.

வெள்ளிக்கிழமை வகுப்பு முழுவதும் பனிமலைக்குப் போகிறது. அங்கே 'மான் வேட்டை' விளையாட்டு. ஆசிரியை மிஸ் ஹார்ட்லிதான் மான். பனிவெளி நடுவே ஒரு மரக்கட்டைமேல் பள்ளிக்கூட மணியை வைத்துவிட்டு, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் வேட்டைக்காரர்கள். அவர் கண்ணில் படாமல் ஊர்ந்து வந்து மணியை அடிக்க வேண்டும். கண்ணில் பட்டால் அவுட்.

"பனியில் வேட்டைக்குப் போகிறவர்கள் வெள்ளை உடுத்துவார்கள். உங்கள் வெள்ளையை நீங்களே தேர்ந்தெடுங்கள்," என்றார் மிஸ் ஹார்ட்லி. "வெல்பவர் ஒரு வாரம் பள்ளிக்கூட மணியை அடிக்கலாம்!"

அந்தப் பித்தளை மணிமேல் யோகாவுக்கு ஒரு வருட ஆசை. இப்போது அதையும் கிரிஜா தட்டிக்கொண்டு போய்விடுவாள்.

"அம்மா, எனக்கும் அப்பிடி ஒரு உடுப்பு வேணும்."

"ஒரு நாள் விளையாட்டுக்கோ? வீட்டிலை இல்லாத வெள்ளையோ?" என்றார் அம்மா.

யோகா வீடு முழுவதும் துழாவினாள். படுக்கை விரிப்பில் ரோஜாப்பூ. தலையணை உறை இடுப்புக்கு மேல் ஏறவில்லை. கடைசியில் அம்மா அலுமாரியைத் திறந்து அப்பாவின் எட்டு முழ வேட்டியை எடுத்துக் கொடுத்தார்.

"கோயில் இல்லாத ஊரிலை இது சும்மாதானே கிடக்குது. கொண்டு போ."

"இது வெள்ளை இல்லை அம்மா. நீலம்!"

"நீலம் போட்டுத் தோய்ச்சனான். நீலம் போட்டாத்தான் வெள்ளை," என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை காலை, மலையில் யோகா வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். "பேய்! பேய்!" என்று பையன்கள் கத்தினார்கள். பக்கத்தில் கிரிஜா பளபளவென்று நின்றாள்.

முதலில் ஒத்திகை. ஒவ்வொருவராக மானாக நிற்க வேண்டும். யோகாவின் முறை வந்தபோது கிரிஜா வேட்டைக்காரியாக ஊர்ந்து வந்தாள்.

யோகா கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். பனி இல்லாத இடத்தில் அவ்வளவு வெள்ளையாக இருந்த உடுப்பு, பனிமேல் வெண்ணெய் நிறத்தில் தெரிந்தது. உண்மையான வெள்ளைக்குப் பக்கத்தில் அது மஞ்சள்! தூரத்தில் வரும்போதே பளிச்சென்று தெரிந்தாள் கிரிஜா.

யோகா 'அவுட்' என்று கத்தவில்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள்.

கிரிஜா மரக்கட்டையைத் தொட்டுவிட்டுத் துள்ளினாள். "நான் வந்தது தெரிஞ்சுதா?"

"இல்லை. தெரியவேயில்லை," என்றாள் யோகா.

பொய் சொல்லி முடித்ததும் யோகாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

யோகா வேட்டைக்காரியாக வந்தபோது மானாக நின்ற பையன் தலையைச் சொறிந்தான். அவள் மர நிழல் வழியாக வந்தாள். நிழல் விழுந்த பனி இலேசான நீலம். அம்மா போட்ட நீலமும் அதே நீலம். "எங்கே போனாய் நீ?" என்று அவன் கேட்டான்.

இனி மணி எனக்குத்தான் என்று யோகா நினைத்தாள்.

அப்போது கிரிஜா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கே! உன் கையுறை எங்கே?"

"அது சிவப்பு. போட்டால் தெரிஞ்சிடும்."

கிரிஜா தன் கையுறை ஒன்றைக் கழற்றினாள். "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஒரு கையாலதானே மணி அடிக்கணும்?"

யோகா அதை மாட்டிக்கொண்டாள். உள்ளே இன்னும் கிரிஜாவின் சூடு இருந்தது. யோகாவுக்கு வெட்கமாகிவிட்டது.

"கிரிஜா, நான் பொய் சொன்னனான். நீ பனியிலை மஞ்சளாத் தெரியிறாய். தூரத்திலேயே கண்டிட்டன்."

கிரிஜாவின் முகம் சுருங்கியது. "அப்போ ஏன் சொல்லலை?"

"எனக்குப் பொறாமை."

"என் மேலயா?"

"ஓம். உன்ரை உடுப்பு மேலையும்தான்."

கிரிஜா திரும்பி நின்றுகொண்டாள். அதற்குள் விசில் ஒலித்துவிட்டது. விளையாட்டு ஆரம்பம். பிள்ளைகள் மரங்களுக்குள் சிதறினார்கள்.

தனியாகப் போனால் வெற்றி நிச்சயம். இரண்டு பேர் என்றால் அகப்பட்டாலும் படலாம். யோகா ஒரு கணம் மணியைப் பார்த்தாள். பிறகு வேட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

"உள்ளுக்கு வா. எட்டு முழம் கிடக்குது."

கிரிஜா கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு குனிந்து உள்ளே வந்தாள். "உன் மேல கோபம் போகலை. தெரிஞ்சுக்கோ."

"சரி, கோவத்தோடயே ஊர்ந்து வா."

நிழலைப் பிடித்துக்கொண்டு நான்கு முழங்கால்கள் ஊர்ந்தன. தலையும் தலையும் முட்டின. "காலை மிதிக்காதே!" "நீதான் மிதிக்கிறாய்!" எதிரே பீட்டர் அவுட். சூசன் அவுட். மிஸ் ஹார்ட்லி சட்டென்று இவர்கள் பக்கம் திரும்பினார். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். கிரிஜாவுக்குத் தும்மல் வந்தது. யோகா தன் கையுறையால் அவள் மூக்கைப் பொத்தினாள்.

மிஸ் ஹார்ட்லி வேறு பக்கம் திரும்பினார்.

டாண்! டாண்! டாண்!

"எங்கேயிருந்து வந்தீர்கள்?" மிஸ் ஹார்ட்லி பயந்துபோய்ப் பனியில் உட்கார்ந்தே விட்டார். வேட்டிக்கு வெளியே இரண்டு வெள்ளைக் கையுறைகள் ஒரே மணியைப் பிடித்திருந்தன.

அன்று மாலை வீட்டில், சேறு அப்பிய வேட்டியைப் பார்த்து அப்பா தலையில் கை வைத்தார். "நீலம் போட்டாச் சரியாயிடும் அப்பா," என்றாள் யோகா.

திங்களும் செவ்வாயும் யோகா மணி அடித்தாள். புதனும் வியாழனும் கிரிஜா. வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து அடித்தார்கள்.

கிரிஜா அடித்த இரண்டு நாளும் மணி கொஞ்சம் அதிகச் சத்தமாகக் கேட்டதுபோல யோகாவுக்குத் தோன்றியது. இந்த முறை அதை மறைக்காமல் அவள் கிரிஜாவிடமே சொல்லிவிட்டாள்.