ஊஞ்சல் நடந்த நாற்பத்தொரு நாள்

ஆளில்லாத ஊஞ்சலுக்கு நாடி அறுபத்துநான்கு என்று வாட்ச் காட்டியது.

ஸ்ரீகண்டன் இரண்டு தடவை குனிந்து பார்த்தான். மத்தியானம் மூன்று மணி இருக்கும். கரமனை அக்ரஹாரத்து வீடுகள் எல்லாமே ரயில் பெட்டி மாதிரி நீளமானவை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், வாசலிலும் கொல்லையிலும் மட்டும் வெளிச்சம், நடுவில் இருக்கும் கூடத்துக்குப் பட்டப்பகலிலும் சாயங்காலம்தான். அந்த அரையிருட்டில் சங்கிலியின் துரு வாசனையும், கிணற்றடியிலிருந்து வரும் பாசி வாசனையும், பத்து நாளாகத் தண்ணீர் காணாத அவன் தலையின் எண்ணெய்ச் சிக்கும் சேர்ந்து ஒரே புழுக்கமாக நின்றன. சங்கிலியில் அவன் கட்டிவைத்த வாட்சின் அடியில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. சதையைத் தொட்டால்தான் அது நாடி பார்க்கும். இத்தனை நாளும் அந்த இடத்தில் வெறும் இரண்டு கோடுதான் இருந்தது.

மலிவு வாட்ச், ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டான். அவனுடைய சொந்த நாடி தொண்ணூற்றாறு, அதுவும் படுத்திருக்கும்போது.

எட்டு மாதமாக அவன் வேலைக்குப் போகவில்லை. கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, முதலில் முதுகுவலி என்று லீவு, பிறகு தூக்கமில்லை என்று லீவு, பிறகு காரணம் சொல்லவே அலுப்பாக இருந்தது. பல் தேய்ப்பது ஒரு மலை, குளிப்பது அதைவிடப் பெரிய மலை. சர்க்கரை ஏறியது, உடம்பு ஊதியது, கூடத்தை ஒட்டிய அறையில் கிடந்த பஞ்சு மெத்தையில் அவன் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. டாக்டர் ஹரிகுமார் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதிப் பாதி காலை வெயில், நடை, குளியல், நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம் என்றார். உடம்பு எழுந்தால் மனசும் பின்னாலேயே எழுந்து வருமாம். நெஞ்சின் மேல் அம்மிக்கல்லோடு கிடப்பவனைப் பார்த்து நடந்துவா என்கிறாரே, இவரை யார் டாக்டராக்கினார்கள் என்று ஸ்ரீகண்டனுக்கு எரிச்சலாக வந்தது.

அவன் மனைவி பத்மஜா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தாள். எட்டேமுக்காலுக்குப் போனால் திரும்ப ஆறு மணியாகும். வாட்சை வாங்கிவந்து அவன் கையில் கட்டியவள் அவள்தான். அன்று அவள் அழவில்லை. அழுகையெல்லாம் முன்பே தீர்ந்துபோயிருந்தது.

"நாப்பத்தொரு நாள் நடந்து காட்டுங்கோ, மலைக்கு மாலை போட்டா விரதம் இருப்பேளே, அதுபோல. ஒரு நாள் விட்டாலும் பாலக்காட்டுக் கிளைக்கு மாத்தம் கேட்டுண்டு போயிடுவேன். இந்த இருட்டைச் சுமக்க இனி என்னால ஆகாது."

அவன் நடக்கும் அடியெல்லாம் தன் போனிலும் தெரியும்படி செய்துவைத்தாள். அவள் போய்விட்டால் சோறில்லை, பேச்சில்லை, அவன் இருக்கிறான் என்பதற்குச் சாட்சியே இல்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் முதல் நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை.

அதனால்தான் ஊஞ்சல். சங்கிலியில் கட்டி ஆட்டிவிட்டால் வீசி நடக்கிற கை என்று வாட்ச் நம்பிவிட்டது. தரையில் படுத்தபடி காலால் உந்தினால் போதும், மத்தியானத்துக்குள் ஆறாயிரம் அடி. ஊஞ்சலை விட்டு எழுந்தால் சங்கிலியைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் நகர வேண்டும் என்பது அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். வெறும் ஊஞ்சலை ஆடவிட்டால் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போன் பேசிக்கொண்டே எழுந்தாலும் பத்மஜாவின் கை தானாகச் சங்கிலிக்குப் போகும். ஸ்ரீகண்டன் அதை நினைத்துப் பார்த்தான். பயப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அவனிடம் அது இல்லை. உந்தினான்.

நாடி தெரிந்தது பத்தொன்பதாம் நாள். இருபதாம் நாளிலிருந்து அவன் உந்த வேண்டியிருக்கவில்லை.

பயத்துக்கு முன்னால் வந்தது நிம்மதிதான், அதை அவனால் மறைக்க முடியாது. காலை ஆறு மணிக்குச் சங்கிலி முனகும். வெறும் ஊஞ்சல் கீச்சென்று மெலிசாகத்தான் கத்தும். இது ஆள் உட்கார்ந்தால் மேலே உத்தரம் விடுகிற கனத்த முனகல். பிறகு வாசல் தாழ்ப்பாள் விலகும், செருப்புச் சத்தம் தெருவில் இறங்கித் தேயும். ஒரு மணி நேரம் கழித்துக் கிணற்றடியில் வாளி மோதும், தண்ணீர் விழும். அதற்கப்புறம் கூடம் முழுக்க ஈரத் துண்டும் சந்தன சோப்பும் வெயில் பட்ட தோலுமாக ஒரு வாசனை பரவும். அவ்வளவு ஆரோக்கியமான வாசனை மெத்தையில் கிடந்தவனுக்குக் குமட்டலைத் தந்தது.

இருபத்தாறாம் நாள் ஸ்ரீநிவாஸ் போன் செய்தான். கூடப் படித்தவன், நாலு வீடு தள்ளி இருப்பவன்.

"காலம்பர ஆத்தங்கரையில அத்தனை கூப்பிட்டேன், நீ திரும்பியே பாக்கலை. போட்டும், விடு. முகத்துல நல்ல தெளிச்சம் வந்திருக்கு, கேட்டியா."

ஸ்ரீகண்டன் போனை வைத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்ப் பார்த்தான். எட்டு மாதமாகத் தூசி படிந்து கிடந்த அவன் செருப்பு துடைத்து வைத்ததுபோல இருந்தது. அடியில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

பத்மஜா மாறிப்போனாள். தலையில் மறுபடி பூ வந்தது. சாயங்காலம் வந்ததும் ஊஞ்சலில் ஒரு பக்கமாக, இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்து, வங்கிக் கதையெல்லாம் சொல்லுவாள். மேனேஜர் எப்படி வழிந்தான், யார் மகளுக்கு எங்கே இடம் கிடைத்தது என்று எட்டு மாதமாக அவனிடம் சொல்லாததை எல்லாம் சொல்லுவாள். பதில் குரல் எதுவும் அவன் காதுக்குக் கேட்காது. ஆனால் ஒரு பதில் முடியும் நேரம்வரை அவள் காத்திருப்பாள். பிறகு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவனுக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

ராத்திரிக்கு இப்போது ஒரு தட்டுதான் போட்டாள். அவன் தவழ்ந்து போய்ச் சேர்வதற்குள் அது காலியாகிக் கழுவிக் கவிழ்த்திருக்கும். ஊதியிருந்த உடம்பு வற்றியது. ஒரு நாள் அறை வாசலில் நின்று மூக்கைச் சுளித்தவள், உள்ளே பார்க்காமல் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். "இந்த உள்ளு மட்டும் நாறறது, கேட்டேளா."

நாற்பத்தொன்றாம் நாள் மத்தியானம் தீர்மானித்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள்கூட நான் நடக்கவில்லை, ஏமாற்றினேன் என்று. அவள் திட்டட்டும். அவனைப் பார்த்துத் திட்டினால் போதும்.

எழுந்தான். சுவர். கதவு. கூடம்.

ஊஞ்சல் அசையாமல் இருந்தது. பலகையைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டான்.

வாட்சை அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் கட்டினான். கடைசித் துளையிலும் தொளதொளத்தது. பச்சை விளக்கு தேடியது. மறுபடி தேடியது. இரண்டு கோடு. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான். இரண்டு கோடு. கையில் அணியவும் என்றது.

கழற்றிச் சங்கிலியில் வைத்தான்.

அறுபத்துநான்கு.

தரையில் உட்கார்ந்தான். தவழ்ந்து திரும்பினான். அந்த வீட்டில் மெத்தைப் பள்ளம் ஒன்றுதான் அவனை அடையாளம் கண்டுகொண்டது.

ஆறு மணி. சாவிச் சத்தம். மல்லிகை வாசனை. ஊஞ்சல் முனகியது.

"சொன்னபடி செஞ்சுட்டேள். நான் எங்கேயும் போகலை," என்று பத்மஜா கூடத்தில் சொன்னாள். சற்று நேரம் காத்திருந்துவிட்டு, பழைய மெத்தை எடுக்கிறவனை நாளைக்கு வரச்சொல்லியிருப்பதாகவும், இப்போதே கட்டிவைத்துவிடலாம் என்றும் சொன்னாள்.

அறை விளக்கு எரிந்தது.

புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டியிருந்தாள். கையில் கயிறு. அவன் அவளைப் பார்த்தான். அவள் மெத்தையைப் பார்த்தாள். நீளவாட்டில் ஒரு ஓரத்தைத் தூக்கி அவன் மேல் மடித்தாள். பஞ்சு நெஞ்சை மூடியது. இன்னொரு சுருட்டு. முழங்காலால் அழுத்தினாள். கனமே இல்லாததை அழுத்துவதுபோலச் சுலபமாக. கயிறு சுற்றியது.

"பத்மா."

அவள் கை நின்றது. கண் நேராக அவன் கண்ணுக்கு வந்தது. அவனைத் தெரிந்த கண். ஒரு மூச்சு நேரம்.

பிறகு இன்னொரு முடிச்சுப் போட்டாள். இழுத்து இறுக்கினாள். விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

சுருளின் வாய் வழியே கூடம் வட்டமாகத் தெரிந்தது. ஊஞ்சல். தரையை உந்தும் இரண்டு கால்கள். நகம் வெட்டிய, சுத்தமான கால்கள். இடது கட்டைவிரலில் சின்ன வயதில் அவன் கண்ணாடியை மிதித்த தழும்பு.

கால்கள் உந்துவதை நிறுத்தின. எழுந்தன.

எழுந்தவன் உடனே நகரவில்லை. திரும்பி, சங்கிலியை ஒரு கையால் பிடித்து, ஊஞ்சல் கொஞ்சமும் அசையாமல் நிற்கும்வரை பொறுமையாகப் பிடித்துக்கொண்டே நின்றான்.