மரியன் லைல் தவறவிட்ட கோடு

1954, பிப்ரவரி. மாலை நான்கு மணிக்குச் சற்று முன்னால், லண்டனுக்கு வெளியே ஹாலிவெல் ஸ்டுடியோவின் இரண்டாவது ஷூட்டிங் ஃப்ளோரில், மரியன் லைல் செத்திருக்க வேண்டும். சாகவில்லை.

எடுத்துக்கொண்டிருந்த காட்சி இதுதான். மாளிகையின் நடனக்கூடம். மரியன் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள், கம்பளத்தின்மேல் நடக்கிறாள், நிற்கிறாள், "நான் திரும்பி வந்துட்டேன்" என்கிறாள். கடைசிச் சொல் வாயிலிருந்து வந்த அதே நொடியில், மேலே தொங்கிய ராட்சத சரவிளக்கு கயிற்றோடு இறங்கியது. அவளுக்கு இரண்டு எட்டு தள்ளி விழுந்து நொறுங்கியது.

ஃப்ளோரே அலறியது. மரியன் அலறவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி, கிடந்த கண்ணாடிக் குவியலைப் பார்த்தாள். பிறகு, எழுதி வைத்திருந்ததுபோல, "பரவாயில்லை, இந்த விளக்கு எனக்கு எப்பவுமே பிடிச்சதில்லை" என்றாள். இயக்குநர் 'கட்' சொல்ல மறந்துபோனார். கேமரா நின்ற பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

அவளைத் தெரியாதவர் அன்றைய இங்கிலாந்தில் கிடையாது. போல்டன் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகள், அப்போது பெயர் நெல்லி கிளெக். பதினாறு வயதில் ஊர் ஊராகப் போன நாடகக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். முதல் வேடம் பிணம். அசையாமல் படுத்ததற்கே கைதட்டு வாங்கியதாகச் சொல்லிச் சிரிப்பாள். போர்க்காலத்தில் செவிலியாக, குண்டுத் தொழிற்சாலைப் பெண்ணாக, கணவனை வழியனுப்பும் மனைவியாக அவள் திரையில் வந்து நின்றாள், நாடு அவளைப் பார்த்து மூக்கைச் சிந்தியது. போர் முடிந்தது, இளசுகள் வந்தார்கள். இப்போது வயது நாற்பத்திரண்டு. இரண்டு வருடம் சும்மா இருந்த பிறகு கிடைத்த படம் இது.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஹாடோவும் மூக்கைச் சிந்தியவர்தான். போர் நாளில், குண்டுவீச்சு எச்சரிக்கைச் சங்கு ஊதிய பிறகும் க்ராய்டன் தியேட்டரில் இருக்கையை விட்டு எழாமல் அவள் படத்தைப் பார்த்து முடித்தவர். இதை ஸ்டுடியோவில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அதைச் சுற்றிக்கொண்டே இருந்ததுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

தயாரிப்பாளர் ஹம்ஃப்ரி கார்ஸ்டேர்ஸ் வழக்கை முடித்தே வைத்திருந்தார். "இதுல விசாரிக்க என்ன இருக்கு இன்ஸ்பெக்டர்? கயித்தைக் கட்டினது ஆல்ஃப் டக்கெட். முடிச்சு அவிழ்ந்துபோச்சு. ஆளு குடிகாரன். கூட்டிட்டுப் போங்க."

"ஆல்ஃப் போட்ட முடிச்சு அவிழாது," என்றாள் மரியன். "அவரை ஜெயிலுக்கு அனுப்பினா நான் இந்த ஃப்ளோர்ல கால் வைக்கமாட்டேன், ஹம்ஃப்ரி. படம் போனா போகட்டும்."

சொன்னால் செய்பவள். அவளுடைய கடைசிப் படமாகவே இது இருக்கலாம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும்தான்.

ஹாடோ செட்டைச் சுற்றி வந்தார். சரவிளக்கின் கயிறு, பலகைச் சுவருக்குப் பின்னால் ஒரு கொக்கியில் கட்டப்பட்டிருந்தது. அங்கே நிற்பவருக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். டேக் ஓடும்போது சிவப்பு விளக்கு எரியும், வாசலைத் தாண்ட யாராலும் முடியாது. மற்றவர்கள் எல்லோரும் கேமராவைச் சுற்றி, ஒருவர் கண்ணில் ஒருவர் பட நின்றிருந்தார்கள். சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் மூன்றே பேர்.

முதலில் ஆல்ஃப்.

"குடிச்சிருந்தீங்களா?"

"டீ சார். ஃப்ளாஸ்க் அதோ இருக்கு, மோந்து பாருங்க."

"கயித்தை விட்டு நகர்ந்தீங்களா?"

"இருமல் வந்துச்சு. டேக் ஓடும்போது இருமினா தோலை உரிச்சிடுவாங்க. வாயைப் பொத்திக்கிட்டு மூலைக்கு ஓடினேன். அதுக்குள்ள படார்னுச்சு."

"மிஸ் லைல் நிக்க வேண்டிய கோட்டுல நிக்கல. அதனாலதான் பொழைச்சாங்க. பாத்தீங்களா?"

ஆல்ஃப் முகம் கோணியது. "நெல்லியா? கோட்டைத் தவற விட்டுச்சா? சார், போன படத்துல லைட்டெல்லாம் போட்டுட்டு அதோட கண்ணைக் கட்டிவிட்டோம். விறுவிறுன்னு நடந்து போய் கரெக்டா நின்னுச்சு. பந்தயத்துல எனக்கு ஒரு பாட்டில் பீர் போச்சு. இந்தக் கார்ஸ்டேர்ஸுக்கும் போச்சு. எப்படின்னு கேட்டா, 'சூடு சொல்லுது ஆல்ஃப்'னு சிரிக்குது."

கோடு என்பது, நடிகர் எங்கே நிற்கவேண்டும் என்று தரையில் சாக்பீஸால் போடும் அடையாளம். மரியனுக்கு நீலம். கண்ணாடியைக் கூட்டி அள்ளியபோது ஹாடோவே பார்த்தார். சரவிளக்கு கிடந்த இடத்துக்கு நேர் கீழே நீலக் கோடு இருந்தது. அவள் அதில் நின்றிருந்தால், நாளைய பத்திரிகையில் அவளுக்குக் கறுப்புக் கட்டம் போட்டிருப்பார்கள்.

அடுத்து கார்ஸ்டேர்ஸ்.

"சுவருக்குப் பின்னாடி என்ன வேலை?"

"சுருட்டு. ஃப்ளோர்ல புகைபிடிக்கக்கூடாதுன்னு நான்தான் போர்டு மாட்டினேன். அதான் ஒளிஞ்சு பிடிச்சேன்."

"மிஸ் லைலுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு இன்ஷூரன்ஸ் வருமா?"

"வரும். இந்தப் படம் ஓடினா அதைவிடப் பத்து மடங்கு வரும். நான் முட்டாள் இல்ல."

"அவங்க கோட்டைத் தவற விட்டிருக்காங்க."

"வயசாகுது பாவம். கண்ணைக் கட்டிக்கிட்டு நடந்த காலமெல்லாம் போச்சு."

மூன்றாவது வின்னி பிம். ஒல்லியான, அமைதியான பெண். மரியனின் உயரம், மரியனின் கூந்தல் நிறம். மடியில் பாதி பின்னிய கம்பளி.

"உங்க வேலை?"

"அவங்க இடத்துல நிக்கிறது சார். நான் கோட்டுல நிப்பேன். என்மேல லைட்டெல்லாம் திருப்பித் திருப்பி சரிபண்ணுவாங்க. சரியானதும் 'நன்றி வின்னி'ம்பாங்க. நான் போயிடுவேன், அவங்க வருவாங்க. பதினோரு வருஷமா."

"அவங்க நடிக்கிறதைப் பாக்கமாட்டீங்களா?"

"பின்னாடி உக்காந்து பின்னிக்கிட்டிருப்பேன். பாக்கணும்னா தியேட்டர்ல டிக்கெட் வாங்கிப் பாத்துக்கலாமே."

"நீங்க நடிச்சதில்லையா?"

"ஒரு தடவை. வேலைக்காரி வேஷம், ஒரு வரி வசனம். வெட்டிட்டாங்க." ஊசிகள் நிற்கவில்லை. "அம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டுப் போயிருந்தேன்."

"இன்னிக்கு மிஸ் லைல் எப்படித் தப்பிச்சாங்கன்னு நினைக்கிறீங்க?"

"நடக்கும்போது எல்லாரும் ஓரக்கண்ணால கோட்டைப் பாத்துக்கிட்டேதான் வருவோம். இன்னிக்குப் பாக்க மறந்துட்டாங்கபோல. அதிர்ஷ்டம் சார். அது அவங்க பக்கம்தானே எப்பவும்."

கடைசியாக மரியனின் ஒப்பனை அறை. மேக்கப் கலைத்த முகம், கையில் பால் கலந்த டீ.

"ஒரே கேள்விதான் மேடம். ஏன் உங்க இடத்துல நிக்கல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நின்னேனே."

"கோடு ரெண்டு எட்டு தள்ளி இருந்துச்சு."

"கோட்டைப் பத்தி எனக்குத் தெரியாது இன்ஸ்பெக்டர். நான் என் இடத்துலதான் நின்னேன்."

அந்தக் குரலைக் கேட்டு வாதாடுகிற ஆளை ஹாடோ இதுவரை பார்த்ததில்லை. அவரும் வாதாடவில்லை. ஆனால் வெளியே வந்ததும் தலையைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணி. முந்தின நாள் எடுத்த படச்சுருளைக் கழுவி, ஸ்டுடியோவின் சின்னத் திரையில் போட்டார்கள். ஹாடோவும் கேமராமேன் ஓவனும் மட்டும் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. நேரில் பார்த்த அந்தக் களைத்த பெண் எங்கோ போய்விட்டாள், திரையில் வந்தவள் வேறு யாரோ. கண்ணில் ஒளி, கழுத்தில் ஒரு நிமிர்வு, ஒற்றை மயிரிழைகூடத் தெரியும் தெளிவு. சரவிளக்கு பக்கத்தில் விழுந்தது. சாவு தன்னை உரசிக்கொண்டு போவதை ஒரு பெண் பார்க்கிறாள், ராணியைப்போல அதை வெளியே போகச் சொல்கிறாள். ஹாடோ மூச்சு விடவில்லை. க்ராய்டன் தியேட்டரில் எழாமல் உட்கார்ந்திருந்த அதே ஆளாகிவிட்டார்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றார்.

இரண்டாம் தடவைதான் போலீஸ்காரர் கண் திறந்தது.

"ஓவன், படம் இவ்வளவு தெளிவா இருக்கே. அவங்க ரெண்டு எட்டு தள்ளி நின்னிருந்தா?"

"கலங்கலா வந்திருக்கும். லென்ஸை மத்தியானமே டேப்பு பிடிச்சு அளந்து வச்சுட்டோம். லைட்டும் அப்படித்தான். இப்ப பாருங்க, முகத்துல எப்படி உக்காந்திருக்கு..." ஓவன் பாதியில் நிறுத்தினான். "அப்படின்னா அவங்க நின்னதுதான் சரியான இடம்."

"ஆமா. நகர்ந்தது கோடு."

பத்து மணிக்கு ஃப்ளோரில் எல்லோரும் கூடினார்கள். ஹாடோ மண்டி போட்டுக் கம்பளத்தைத் தடவினார். மரியன் நின்ற இடத்தில், ஈரத்துணியால் தேய்த்த லேசான நீலக் கறை இருந்தது.

"டீ இடைவேளைல ஒருத்தர் பழைய கோட்டை அழிச்சுட்டு, சரவிளக்குக்குக் கீழே புதுசா ஒண்ணு போட்டிருக்கார். அப்புறம் சுவருக்குப் பின்னாடி போய் நின்னார். ஆல்ஃப் இரும ஓடினது அவருக்கு வசதியாப்போச்சு. கண்ணுக்கு எதுவும் தெரியாது, வசனம் கேக்கும். 'வந்துட்டேன்'ங்கிற சொல்லு கோட்டுல நின்னு சொல்றது. அதைக் கேட்டதும் கயித்தை விட்டார். தானா அவிழ்ற முடிச்சுக்கு வசனம் தெரியாது."

ஆல்ஃப் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான்.

"மிஸ் லைல் கோட்டைப் பாத்து நிக்கிறதில்லை. பெரிய லைட்டோட சூடு கன்னத்துல எங்க சரியாப் படுதோ, அங்க நிப்பாங்க. ஆல்ஃபுக்கு இது தெரியும். கார்ஸ்டேர்ஸுக்கும் தெரியும், ரெண்டு பேரும் பந்தயத்துல தோத்தவங்க. இவங்கள்ல யாராவது கொல்ல நினைச்சிருந்தா கோட்டைத் தொட்டிருக்கமாட்டாங்க, லைட்டைத்தான் தள்ளியிருப்பாங்க. கோட்டை நம்பினது ஒரே ஒருத்தர். பதினோரு வருஷமா அவரைத் தேடி லைட் வந்துச்சு, அவர் லைட்டைத் தேடிப் போனதே இல்லை. மிஸ் பிம், நீங்கதான்."

வின்னி ஓடவில்லை, அழவுமில்லை. மரியனைப் பார்த்தாள். "என் வரியை வெட்டச் சொன்னது யாருன்னு அவங்களைக் கேளுங்க. எடிட்டர் போன மாசம் வேலையை விட்டுப் போகும்போதுதான் வாயைத் திறந்தாரு."

"நான்தான்," என்றாள் மரியன்.

"நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

மரியன் அவள் முன்னால் போய் நின்றாள். "நீ நல்லா பண்ணே வின்னி. உன் வரிக்கு அப்புறம் எனக்கு ரெண்டு பக்க வசனம். அதைப் போட்டுப் பாத்தேன். நீ கதவுக்கிட்ட நின்னு அந்த ஒரு வரியைச் சொன்னதும், அப்புறம் நான் பேசினது எதுவும் காதுல ஏறல. எனக்கே ஏறல. பயந்துபோயிட்டேன்."

அப்போதுதான் வின்னியின் முகம் உடைந்தது.

ஹாடோ கையை அவள் தோள் பக்கம் கொண்டுபோனார். மரியன் குறுக்கே வந்தாள். "ஒரு நிமிஷம் குடுங்க இன்ஸ்பெக்டர். ஓவன், பெரிய லைட்டைப் போடு. வின்னி, அந்த வரியை இப்ப சொல்லு."

விளக்கு எரிந்தது. வின்னி கதவருகே போய் நின்றாள், வழக்கம்போலத் தரையில் கோட்டைத் தேடினாள்.

"கீழே பாக்காதே," என்றாள் மரியன். "கண்ணை மூடிக்கிட்டு நட. கன்னத்துல சூடு படும். பட்டதும் நில்லு."

வின்னி கண்ணை மூடினாள். நடந்தாள். ஓரிடத்தில் முகத்தைச் சற்றே திருப்பி நின்றாள். கண் திறந்தபோது விளக்கு அவள் முகம் முழுக்க இருந்தது.

"கதவைச் சாத்தாதீங்க," என்றாள். "அவர் வருவார்."

சாதாரண வேலைக்காரியின் சாதாரண வரி. மேலே பலகையில் நின்ற லைட்மேன்கள் அசையவில்லை. கார்ஸ்டேர்ஸ் கதவைத் திரும்பிப் பார்த்தார், யாரோ உண்மையிலேயே வரப்போவதுபோல. ஆல்ஃப் இருமலை அடக்கிக்கொண்டான். மரியன் சொன்னது பொய்யில்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, வின்னிக்கும் தெரிந்தது.

யாரும் 'கட்' சொல்லவில்லை. ஹாடோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்துக்குள் போய், அவள் கையைப் பிடித்தார்.